தும்மலின் உரிமையாளர்

எனக்குப் பூ ஒத்துக்கொள்ளாது. மல்லிகை, செவ்வந்தி, மாலையில் கோத்த எதுவானாலும் சரி, பக்கத்தில் வந்தால் மூக்கு அரிக்கத் தொடங்கிவிடும். கண்டியில் ஒரு டொக்டரிடம் காட்டினேன். பூ இல்லாத தொழில் ஏதாவது பாருங்கள் என்றார். நான் கல்யாண வீடியோ எடுக்கிறவன். மாத்திரையை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வத்தேகம பஸ்ஸில் ஏறினேன்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்பது பின்னால் விளங்கும். "இந்த ஒலி உங்களுக்கு எவ்வாறு உரித்தானது என்பதை உங்கள் சொற்களில் விளக்குக" என்று உங்கள் வீடியோத் தளத்தின் மறுப்புப் படிவத்தில் கேட்டிருக்கிறீர்கள். அதற்காக நீங்கள் கொடுத்திருக்கும் பெட்டி சின்னதாகத் தெரிந்தாலும், எழுத எழுதக் கீழே நீண்டுகொண்டே போகிறது. ஆகவே அவசரப்படாமல் எழுதுகிறேன். மறுபக்கத்தில் இருப்பது மனிதரா மெஷினா என்று எனக்குத் தெரியாது. மெஷினாக இருந்தாலும் என் மரியாதையில் குறை வராது.

என் பெயர் ரவிகுமார். பிறந்தது மடுல்கெல்லப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். இப்போது வத்தேகம டவுனில், ஒரு மருந்துக் கடைக்கு மேலே ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். தோட்டத்துக் கல்யாணங்களை என் சேனலில் நேரலையாகக் காட்டுவதுதான் பிழைப்பு. எங்கள் தோட்டங்களில் வீட்டுக்கு ஒருவராவது கட்டாரிலோ துபாயிலோ இருக்கிறார். தங்கை கல்யாணத்துக்கு லீவு கிடைக்காதவன், மகள் கல்யாணத்துக்கு டிக்கெட் எடுக்க வழியில்லாதவன், எல்லோரும் போனைக் கையில் பிடித்துக்கொண்டு என் சேனலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு நான்தான் கண். பெருமைக்காகச் சொல்லவில்லை, நிலைமை அப்படி.

இந்தத் தொழிலுக்கு ஒரே எதிரி பாட்டு. பாட்டு இல்லாமல் எங்கள் ஆட்கள் கல்யாணம் செய்வதில்லை. பாட்டைக் கேட்டால் உங்கள் மெஷின் விடுவதில்லை. பந்தலில் ஸ்பீக்கர், சமையல் பக்கம் ரேடியோ, மாப்பிள்ளையின் நண்பன் இடுப்பில் போன், எங்கிருந்து நாலு அடி பாட்டு வந்தாலும் அதற்குக் கேட்டுவிடும். உடனே யாரோ ஒரு கம்பெனி, இது எங்கள் சொத்து என்று வந்து நிற்கும். படம் ஊமையாகும், அல்லது காணாமலே போகும்.

நான் சும்மா இருந்தேன் என்று நினைக்க வேண்டாம். பிறகு ஏற்றும் வீடியோக்களில் பாட்டின் வேகத்தைக் கூட்டிப் பார்த்தேன். ஐயர் எலி மாதிரி மந்திரம் சொன்னார், பொண்ணு வீட்டார் என் முன்பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். பாட்டுக்கு மேல் மழைச் சத்தம் போட்டு மூடினேன். அந்த மழையும் யாரோ ஒரு வெளிநாட்டுக் கம்பெனியுடையது என்று உங்களிடமிருந்து கடிதம் வந்தது. மடுல்கெல்லயில் பெய்யாத மழையா என்று எனக்கு ஆத்திரமாக இருந்தது. கடைசியில் இலவச இசை கிடைக்கும் இடத்திலிருந்து ஒன்றை எடுத்து, பொண்ணைக் கூட்டியனுப்பும் காட்சிக்குப் போட்டேன். தாய் மகளைக் கட்டிக்கொண்டு அழுகிறாள், பின்னால் யாரோ உற்சாகமாக விசில் அடிக்கிறார்கள். அந்த வீட்டில் இன்றைக்கும் என்னோடு பேச்சில்லை.

இனி ராஜலிங்கம் மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொந்தமில்லை, அதே தோட்டத்து ஆள், மரியாதைக்கு மாமா. கட்டாரில் லொறி ஓட்டுகிறார். அவருடைய மூத்த மகள் கல்யாணத்தை நான்தான் நேரலையில் காட்டினேன். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார், நாதஸ்வரக்காரர் உருகிப்போய் ஒரு சினிமாப் பாட்டை எடுத்துவிட்டார், உங்கள் மெஷின் ஒளிபரப்பை வெட்டியது. அன்று மாமா போனில் பேசினார். சத்தம் போட்டுத் திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"எம் மக கழுத்துல தாலி ஏறுனத நான் பாக்கல தம்பி," என்றார். "கறுப்பா ஒரு படமும் இங்கிலீசுல ஒரு வரியும்தான் பாத்தேன். அந்த வரியையே பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்தேன். சின்னவ கல்யாணத்தையாவது ஒரு நொடி விடாம காட்டிருங்க. வேற ஒண்ணும் வேணாம்."

காட்டுகிறேன் மாமா என்று வாக்குக் கொடுத்தேன். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறவன் நான். அதற்குள் நீங்கள் என் சேனலுக்கு இரண்டு எச்சரிக்கையும் அனுப்பிவிட்டீர்கள். மூன்றாவது வந்தால் சேனலையே அழித்துவிடுவதாக எழுதியிருந்தது. ஆகவே இது மாமாவின் காரியம் மட்டுமல்ல, அத்தனை குடும்பங்களின் கல்யாணமும் அதில் இருந்தது.

சின்ன மகள் சர்மிளாவின் கல்யாணம் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில். நாதஸ்வரம், மூத்தவள் கல்யாணத்தில் வாசித்த அதே சுந்தரலிங்கம் அண்ணன்தான். முன்கூட்டியே போய்ப் பேசினேன். ராகம் மட்டும் வாசியுங்கள், பாட்டுப் பக்கம் போக வேண்டாம் என்று கெஞ்சினேன். அவர் நேர்மையான மனிதர்.

"வாயில வச்சா மொதல்ல ராகம்தான் ரவி வரும்," என்றார். "கொஞ்ச நேரத்துல அது போயிரும், பாட்டு வந்துரும். நான் கூப்புடுறதில்ல. அதுவா வருது."

பாட்டு போகட்டும், கெட்டிமேளமாவது பாதுகாப்பா என்று பார்க்க, பழைய கல்யாணம் ஒன்றின் கெட்டிமேளத்தை மட்டும் வெட்டி, யாருக்கும் தெரியாமல் ஏற்றிப் பார்த்தேன். ஏதோ மங்கல இசை ஒலிநாடாவில் வரும் மேளத்தோடு ஒத்துப்போகிறது என்று அதற்கும் பதில் வந்தது. அன்றுதான் முடிவெடுத்தேன். சர்மிளாவின் கழுத்தில் தாலி ஏறும்போது மண்டபத்தில் ஒரு சத்தமும் இருக்கக் கூடாது.

கல்யாணத்தன்று காலையில் ஸ்பீக்கர்காரர் சாப்பிடப் போன நேரம் பார்த்து, அவருடைய பெட்டியிலிருந்து பியூஸைக் கழற்றி என் பையில் போட்டுக்கொண்டேன். உடைக்கவில்லை. பிறகு திருப்பியும் கொடுத்தேன். முகூர்த்தம் நெருங்கியதும் மேளகாரரிடம் போய், மாப்பிள்ளை வீட்டு இரண்டாவது பஸ் கீழே சந்திக்கு வந்துவிட்டது, மேளத்தோடு வந்து அழைத்தால்தான் இறங்குவோம் என்கிறார்கள் என்றேன். எங்கள் பக்கம் இப்படி முறுக்கிக்கொண்டு பஸ்ஸிலேயே உட்கார்ந்திருக்கும் சம்பந்திகளை எல்லோருக்கும் பழக்கம். சுந்தரலிங்கம் அண்ணன் ஒரு கேள்வி கேட்கவில்லை. தவிலைத் தோளில் மாட்டிக்கொண்டு மொத்த செட்டும் மலை இறங்கியது. இரண்டாவது பஸ் என்று ஒன்று இல்லை.

அங்கே அவர்கள் நனைந்துகொண்டு, போகிற வருகிற தேயிலைக் கொழுந்து லொறிக்கெல்லாம் வாசித்தார்களாம். மழை பெய்யும் என்று எனக்குத் தெரியாது.

ஐயர் "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்றார். ஒன்றும் வரவில்லை. மாப்பிள்ளை ஜீவன் தாலியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார். ஐயர் இன்னொரு தடவை, கொஞ்சம் கோபமாகச் சொன்னார். யாரோ ஒரு பெரியவர் தாம்பாளத்தை எடுத்துத் தட்டப் பார்த்தார், நான் கையைக் காட்டி நிறுத்தினேன். நல்ல நேரம் முடியப்போகிறது என்று பெரியவர்கள் பதறினார்கள். கட்டு, கட்டு என்றார்கள். கட்டினார். மண்டபத்தில் அப்படியொரு அமைதி. மஞ்சள் கயிறு உராயும் சத்தம் கூட மைக்கில் விழுந்தது. இவ்வளவு சுத்தமான ஒலிப்பதிவு என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்ததில்லை.

தாலி ஏறும்போது தும்மல், அழுகை, ஆகாத பேச்சு எதுவும் காதில் விழக் கூடாது என்பதற்குத்தான் கெட்டிமேளம் வைத்திருக்கிறார்கள். யோசித்துப் பார்த்தால், எல்லாக் கல்யாணத்திலும் யாராவது ஒருவர் தும்மிக்கொண்டுதான் இருந்திருப்பார். மேளம் அதை விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறது. நான் அதை யோசிக்கவில்லை. முதல் முடிச்சு விழுந்தது, சனம் அட்சதையும் பூவும் அள்ளி வீசியது, இரண்டாம் முடிச்சில் ஒரு தும்மல் கேட்டது.

சின்னத் தும்மல் இல்லை. கூரைத் தகரம் அதிர்ந்தது என்று பிற்பாடு சிலர் சொன்னார்கள்.

அந்த இடத்தில் கையில் காமாட்சி விளக்கோடு நின்றவர் மாப்பிள்ளையின் அத்தை கமலம். ஓமப் புகை பொறுக்காமல் சேலைத் தலைப்பால் மூக்கை மூடியிருந்தார். எல்லாத் தலையும் அவர் பக்கம் திரும்பியது. நானில்ல, நானில்ல என்றார். யார் காதிலும் ஏறவில்லை. நான் அவருக்குப் பக்கத்தில்தான் கெமராவோடு நின்றேன். நேரலை போய்க்கொண்டிருக்கும்போது கெமராக்காரன் வாய் திறப்பது தொழில் முறை இல்லை.

பிறகு தும்மல் எந்த முடிச்சைச் சேரும் என்று பெரியவர்கள் பேசத் தொடங்கினார்கள். மூன்றாவதைப் போடுவதா, இரண்டையும் அவிழ்ப்பதா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். அது முடியும்வரை ஜீவன் குனிந்தபடியே கயிற்றின் இரண்டு நுனியையும் பிடித்துக்கொண்டிருந்தார், பாவம்.

"கை வலிக்குதா?" என்று சர்மிளா மெல்லக் கேட்டாள்.

"பரவால்ல," என்றார் அவர்.

அதுவும் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. அந்தப் பிள்ளைகள் அன்று பேசியது அவ்வளவுதான், எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒரு வழியாக மேளகாரர் நனைந்த கோழி மாதிரி வந்து சேர்ந்தார்கள். எங்கே பஸ் என்று சுந்தரலிங்கம் அண்ணன் கேட்டார், பதில் சொல்ல யாருக்கும் நேரமில்லை. மேளம் முழங்க மூன்றாம் முடிச்சு விழுந்தது. அந்த நேரம் மைக்கை நானே அணைத்துவிட்டேன். படம் நிற்கவில்லை. இதை முதலிலேயே செய்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அது எனக்கு அப்போதுதான் தோன்றியது.

அன்றைக்கே மாமா கட்டாரிலிருந்து பேசினார். சந்தோஷத்தில் அழுதார். ஒரு நொடி கூட நிற்கவில்லை, தும்மல் கூடப் பக்கத்தில் இருந்து கேட்ட மாதிரி இருந்தது என்றார்.

"யாரு தம்பி தும்முனது?"

மாப்பிள்ளை வீட்டு ஆளு போல மாமா என்றேன். 'போல' என்றுதான் சொன்னேன் என்பதைத் தயவுசெய்து கவனிக்க வேண்டும்.

பிறகு அந்தத் தும்மலை மட்டும் தனி வீடியோவாக வெட்டிப் போட்டேன். நேரலையில் அந்த நொடி படம் கொஞ்சம் ஆடியிருந்தது. ஆடின படத்தை நான் வெளியே விடுவதில்லை. அதனால் சற்று முன்னே புகையில் கமலம் அத்தை கண்ணைச் சுருக்கி மூக்கைச் சுளித்த காட்சியை எடுத்து அந்த இடத்தில் ஒட்டினேன். ஒரு சத்தம் வந்தால் அதற்கு ஒரு முகம் வேண்டும், எடிட்டிங்கில் அது அடிப்படை. வீடியோ தீப்பிடித்த மாதிரிப் பரவியது. என் சேனலில் அதற்கு முன் எதற்கும் அத்தனை பேர் வந்ததில்லை. பாட்டு இல்லாததால் ஒரு கம்பெனியும் வரவில்லை.

கமலம் அத்தை அதுவரை அவர்கள் தோட்டத்தில் எந்த நல்ல காரியத்துக்கும் விளக்கோடு முன்னால் நிற்கிறவர். கைராசிக்காரி என்று பெயர். அதற்குப் பிறகு ஜீவனின் ஆட்டோ பழுதானாலும் சரி, லயத்து வீட்டுக் கூரை ஒழுகினாலும் சரி, அந்தத் தும்மல்தான் காரணம் என்றார்கள். சடங்கு வீடுகளில் அவரை வெங்காயம் உரிக்க உட்கார வைத்தார்கள், பிறகு அதற்கும் கூப்பிடவில்லை. ஒருநாள் ஸ்டூடியோ படியேறி வந்தார். முகம் வாடிப்போயிருந்தது.

"நான் தும்மலன்னு எனக்குத் தெரியும் தம்பி. ஆனா ஊரே சொல்லுது. ஒங்க படத்துல பாத்துச் சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாங்க."

கதிரை போட்டு உட்கார வைத்து, வீடியோவைக் காட்டினேன். சத்தம் வருகிறது, அவர் முகம் சுருங்குகிறது. இன்னொரு தடவை போடச் சொன்னார். இன்னொரு தடவையும் போடச் சொன்னார். கெமரா பொய் சொல்லாது அத்தை என்றேன். பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு, "அப்ப நாந்தானா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இறங்கிப் போனார். மனதுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. பஸ்ஸுக்குக் குடை கொடுத்தனுப்பினேன்.

எல்லாம் இப்படி ஓய்ந்திருந்தபோதுதான் தெல்தெனிய ருஷ்தி வந்து சேர்ந்தான். டி.ஜே. வேலை பார்க்கிற பையன். என் தும்மல் வீடியோவின் ஒலியை எடுத்து, பைலா தாளத்தில் கோத்து, அடிக்கு ஒரு தும்மல் வீதம் ஒரு ஆட்டப் பாட்டாகச் செய்துவிட்டான். செய்ததோடு நிற்காமல் தன் பெயரில் முறையாகப் பதிவும் செய்துவிட்டான். கண்டி பஸ் எல்லாவற்றிலும் இப்போது அதுதான் ஓடுகிறது. போன வாரம் உங்களிடமிருந்து எனக்குக் கடிதம் வருகிறது: உங்கள் வீடியோவில் உள்ள தும்மல் வேறொருவருக்குச் சொந்தமான இசையோடு ஒத்துப்போகிறது. மறுத்துத் தோற்றால் அதுதான் என் மூன்றாவது எச்சரிக்கை.

தெல்தெனியவுக்கு நேரில் போனேன். ருஷ்தி மரியாதையான பையன்தான், குளிர்பானம் எல்லாம் வாங்கிக் கொடுத்தான்.

"அது ஒங்கட தும்மலா ரவி அண்ணே? அந்த மனிசிட தும்மல்தானே. அவ வந்து என்ட தும்மல்னு செல்லட்டும், நான் விட்டுத் தாரேன்."

நியாயமாகத்தான் பட்டது. நேரே கமலம் அத்தையின் லயத்து வீட்டுக்குப் போய், கெமராவை வைத்து, நடந்ததைச் சொல்லச் சொன்னேன். தயங்காமல் சொன்னார். நான்தான் தும்மினேன், எல்லோரும் மன்னிக்க வேண்டும் என்று கைகூப்பினார். மூக்கில் எந்தப் பக்கம் முதலில் அரித்தது என்று கூட விவரமாகச் சொன்னார். இவ்வளவு நாளும் நெஞ்சில் ஏதோ அடைத்தது, இப்போது லேசாகிவிட்டது என்றார். ஆகட்டும் அத்தை, அந்தத் தும்மலை எனக்கு எழுதித் தந்துவிடுங்கள் என்றேன். அங்கேதான் காரியம் கெட்டது.

"அத அழிச்சிருங்க தம்பி," என்றார். "பஸ்ஸுல ஏறுனா என் தும்மல், கடைக்குப் போனா என் தும்மல். ஒங்களுக்கும் வேணாம், அந்தத் தெல்தெனியப் பயலுக்கும் வேணாம். என் தும்மல், நான் சொல்றேன், இல்லாம போகட்டும்."

உங்கள் விதிகளை வாசித்தேன். ஒலிக்கு உரியவர் அழிக்கச் சொன்னால் நீங்கள் அழித்துவிடுவீர்கள். ருஷ்தியுடையது என்றாலும் போய்விடும், அத்தையுடையது என்றாலும் போய்விடும். எச்சரிக்கையும் வந்து, சேனலும் போய், சர்மிளாவின் கல்யாணமும் அதோடு போய்விடும். ராஜலிங்கம் மாமா அதை இன்றைக்கும் படுக்கப் போகும் முன் போட்டுப் பார்க்கிறாராம். அந்த மனிதருக்காகத்தான் இந்த உண்மையைச் சொல்கிறேன், வேறு எதற்காகவும் இல்லை.

அந்தத் தும்மல் என்னுடையது. அட்சதையோடு வீசிய செவ்வந்தி இதழ் ஒன்று நேரே என் மூக்கில் வந்து விழுந்தது. அன்று காலையில் மாத்திரை போட மறந்துவிட்டேன், பியூஸ் வேலையில் இருந்தேன். ஆதாரமாக, அந்த நொடியில் கெமரா குலுங்கும் அசல் பதிவை இணைத்திருக்கிறேன். டொக்டர் எழுதிக் கொடுத்த துண்டும் இருக்கிறது. போதாவிட்டால், நேற்று ஸ்டூடியோவில் ஒரு செவ்வந்தி மாலையை முகத்தில் வைத்துத் தும்மிப் பதிவு செய்ததும் இருக்கிறது. உங்கள் மெஷினிடம் கொடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள், இம்மி பிசகாது. அதன் காது எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும்.

ஆகவே தும்மலின் முழு உரிமையையும் எனக்கு வழங்கி, ருஷ்தியின் பாட்டிலும் என் பெயரைச் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இன்னும் ஒரே ஒரு வேண்டுகோள். இந்த வாக்குமூலத்தின் பிரதி எதுவும் மடுல்கெல்லப் பக்கம் போக வேண்டாம். கமலம் அத்தை இப்போதுதான் தன் தப்பை ஒத்துக்கொண்டு கொஞ்சம் நிம்மதியாக இருக்கிறார், அதைக் கெடுக்கிற அளவுக்கு நான் கல்நெஞ்சக்காரன் இல்லை.